புல்லுக்கு அடியில் ஒரு கூரை

அவிநாசிப் பக்கம் மாமா வீட்டு வாசலில் 2 சென்ட்டுக்குப் புல் போட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் அது திட்டுத்திட்டாகப் பழுத்துக்கொண்டே வந்தது. "காலைலயும் தண்ணி விடறேன், சாயந்தரமும் விடறேன் மாப்ள. வெய்யலு அத்தனையும் குடிச்சுப் போடுது" என்றார். எனக்கு வெயில் மேல் சந்தேகம் வரவில்லை. காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்கியது, அதுதான் உறுத்தியது. கத்தியால் ஒரு துண்டு அறுத்து எடுத்தோம். மேலே ஒரு விரல் பச்சை. அதற்குக் கீழே இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பு நார்ப் பின்னல். அதற்கும் கீழே இருந்த செம்மண் பொடியாக உதிர்ந்தது. அரை மணி நேரத்துக்கு முன்தான் ஹோஸ் பிடித்திருந்தார்.

அந்தப் பழுப்புப் பின்னலை ஆங்கிலத்தில் 'தேட்ச்' என்பார்கள். கூரை வேயும் புல்லுக்கும் அதே சொல்தான். பெயர் வைத்தவர் விவரமானவர். மழைத் தண்ணீர் சாளைக் கூரை மேல் விழுந்து வழிவதுபோல, இதன் மேல் விழும் தண்ணீரும் ஓரமாக ஓடிவிடுகிறது.

வெட்டிப் போட்ட புல்தான் கீழே சேர்ந்து மக்காமல் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு. புல்லின் இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது சீக்கிரம் மக்கிவிடும். மக்காமல் கிடப்பது தண்டு. கல்யாணத்தில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகு ஓடுவது வேரால் அல்ல, தண்டால். தரைக்கு மேலே ஒரு தண்டு படரும், தரைக்குக் கீழே இன்னொன்று படரும். கணுவுக்குக் கணு வேர் விடும். நர்சரியில் மெக்சிகன் புல், கொரியன் புல் என்று விற்கும் சோய்சியா வகைகளும் இப்படித்தான். பழைய தண்டு சாகும், அதன் மேலேயே புதியது படரும். சாகும் வேகத்துக்கு மக்கும் வேகம் ஈடு கொடுக்காவிட்டால் மெத்தை கனத்துக்கொண்டே போகும்.

ஏன் மக்குவதில்லை? தண்டை விறைப்பாக நிறுத்தும் லிக்னின் என்ற பொருள்தான் காரணம். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அது கடிக்க முடியாத பண்டம். அதைச் சரியாக உடைப்பவை சில பூஞ்சைகள். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளுக்குப் பின்னால் நார்க்கழிவு மலைபோல் வருடக்கணக்கில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் இதே லிக்னின்தான் வேலையைக் காட்டுகிறது. அதை மக்க வைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி, சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரத்தோடு வைப்பது. (அதைக் கேட்டுவிட்டு லானில் யூரியாவை அள்ளி வீசாதீர்கள். புல் இன்னும் வேகமாகத் தண்டு விடும், மெத்தைதான் பருக்கும்.)

ஈரத்தோடு என்பதைக் கவனிக்க வேண்டும். கோயம்புத்தூர் வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். மேற்கு மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் காற்றுதான் அதிகம், மழை குறைவு. காய்ந்த மெத்தையில் பூஞ்சை முடங்கிக் கிடக்கிறது, மண்புழுவும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. நாமோ தினம் கொஞ்சம் தெளித்து மேல்பக்கத்தை மட்டும் நனைக்கிறோம். ஈரம் இருக்கிற இடத்துக்குத்தானே வேர் வரும்? அது மண்ணை விட்டு மெத்தைக்குள்ளேயே வாழப் பழகுகிறது. மெத்தை மதியத்துக்குள் காய்ந்துவிடும். புல் வாடும். இன்னும் தெளிப்போம். 2 சென்ட் என்றால் சுமார் 81 சதுர மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் கணக்கில் 400 லிட்டர் ஊற்றினாலும் அதில் எவ்வளவு மண்ணைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி.

இந்த மெத்தைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரமாக இருக்கும்போது பஞ்சு மாதிரி உறிஞ்சும்; ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும். மக்கும் பொருளின் மேல் மெழுகு போன்ற மூலக்கூறுகள் படிகின்றன. அவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெய்போல் விலகும். காயும்போது விலகும் முனைகள் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். காய்ந்துபோன நார்க்கழிவுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிவதும் இதனால்தான்.

அரை அங்குலம், அதாவது 1.25 சென்டிமீட்டர் வரை மெத்தை இருக்கலாம், நல்லதுதான். மண் சூட்டைத் தணிக்கும். அதைத் தாண்டினால் பிரித்து எடுக்க வேண்டும். காங்கயத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் இந்த வேலையே இல்லை. அங்கே இருக்கும் கொழுக்கட்டைப் புல் படர்வதில்லை, தூர் தூராக நிற்கும். மிச்சத்தை மாடு பார்த்துக்கொள்ளும்.

சின்ன இடத்துக்குக் கூர்மையான பல் வைத்த ரேக் போதும், முதுகு ஒத்துழைத்தால். பெரிய இடத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது வெர்டிகட்டர். புல் வெட்டும் மெஷினின் கத்தி தரைக்குப் படுக்கையாகச் சுற்றும்; இதில் ஒரு படுக்கைத் தண்டில் வரிசையாகக் கோத்த கத்திகள் செங்குத்தாகச் சுற்றி, படர்ந்த தண்டுகளை அறுத்து நாரை மேலே இழுத்துப் போடும். கத்தி முனை மண்ணைச் சில மில்லிமீட்டர் கீறினால் போதும். ஆழம் வைப்பதில்தான் ஆளின் அனுபவம் தெரியும். வேரெல்லாம் மெத்தையில் இருக்கும் லானில் ஒரேயடியாக இழுத்தால் புல்லும் பாய்போல் சுருண்டு வந்துவிடும். அதனால் கனத்த மெத்தையை இரண்டு மூன்று பருவமாகக் குறைப்பதே நல்லது. முந்தின நாள் லேசாக நனைத்து, மண் சொதசொதவென்று இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது புல்லுக்குக் காயம்தான். காயம் ஆற வேண்டுமென்றால் புல் வளர்கிற காலமாக இருக்க வேண்டும். மார்கழி, தையில் வளர்ச்சி மந்தம். சித்திரை அக்கினியில் தாங்காது. ஆடிக் காற்று திறந்த மண்ணை உலர்த்திவிடும். என் கணக்கில் புரட்டாசிதான் தோது. பின்னாலேயே ஐப்பசி மழை வந்துவிடும்.

தெளித்தால் மெத்தை கரையும் என்று பாட்டிலில் விற்கும் திரவங்களுக்கு வயல் சோதனைகளில் சீரான பலன் தெரியவில்லை. அதைவிட, வாரி எடுத்த பிறகு சலித்த செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து மெல்லிசாகத் தூவுவது மேல். மிச்சமிருக்கும் நாரோடு மண் கலந்தால் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும்.

மாமா புரட்டாசியில் ஆள் விட்டு எடுத்தார். 2 சென்ட்டில் எட்டு மூட்டை நார் வந்தது. லானைப் பார்த்த அத்தை, "மொட்டை அடிச்சாப்ல இருக்குதே" என்று முகம் சுளித்தார். அருகாக இருந்திருந்தால் சில வாரத்தில் மூடியிருக்கும். சோய்சியா நிதானமாகத்தான் வரும் என்று சொல்லிவைத்தேன். கார்த்திகையில் போனபோது அங்கங்கே இன்னும் செம்மண் தெரிந்தது. கத்தியைச் செருகி எடுத்தேன். நாலு விரல் ஆழத்தில் மண் கையில் ஒட்டியது. மாமா வாரத்துக்கு இரண்டு தடவைதான் தண்ணீர் விடுகிறாராம்.