துத்தநாகத் தகட்டில் பதிந்த தெருக்கள்

இங்கிலாந்தில் தம் ஊரின் பழைய நிலப்படத்தின் மறுபதிப்பு ஒன்றை வாங்கிய வாசகர், அதில் தூரங்களை அளந்தால் நம்பலாமா என்று கேட்டிருக்கிறார். நம்பலாம், விக்டோரியா காலத்திலேயே அந்தப் படங்களைக் கையால் நகலெடுக்காமல் ஒளியைக் கொண்டு நகலெடுக்கும் முறை வந்துவிட்டது.

1850களில் பிரிட்டன் அரசின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 1:2500 அளவில் நிலப்படங்களை வரையத் தொடங்கியது. இந்த அளவில் ஒரு சதுர அங்குலம் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். வயலுக்கு வயல் எண் உண்டு. பிற்காலப் பதிப்புகளில் அந்த எண்ணின் கீழேயே பரப்பும் ஏக்கரில் அச்சாகியிருக்கும். இதே படங்களைச் சிறிதாக்கி மைலுக்கு ஆறு அங்குலப் படங்களையும் தர வேண்டியிருந்ததால், நிறுவனத்தின் தலைவர் சர் ஹென்றி ஜேம்ஸ் புகைப்படக் கலையை நாடினார். அப்படிப் பிறந்ததுதான் ஃபோட்டோசின்கோகிராஃபி, அதாவது புகைப்படத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி அச்சிடும் முறை.

இதன் வேதியியல் அழகே அழகு. நிலப்படத்தை எடுத்த நெகட்டிவில் கோடுகள் மட்டும் ஒளியை விடும். பொட்டாசியம் டைகுரோமேட்டும் கோந்தும் கலந்து பூசிய காகிதத்தின் மேல் அதை வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட கோடுகளில் மட்டும் கோந்து நீரில் கரையாதபடி இறுகிவிடும். பிறகு காகிதம் முழுவதும் எண்ணெய்ப் பசையுள்ள மையைப் பூசிக் கழுவும்போது, இறுகாத கோந்து தன் மேலிருந்த மையையும் சேர்த்துக்கொண்டு கரைந்தோட, கோடுகளில் மட்டும் மை நிற்கும். அதைத் துத்தநாகத் தகட்டில் வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். தகட்டை ஈரப்படுத்தி மை உருட்டினால், ஈரம் நிற்கும் வெற்றிடம் மையை ஏற்காது, எண்ணெய்க் கோடுகள் ஏற்கும். தகட்டிலிருந்து தாளில் அச்சாகும்போது படம் மீண்டும் நேராகிவிடும். இங்கிலாந்தின் நிலவுடைமைகளைக் குறித்த 11ஆம் நூற்றாண்டின் டூம்ஸ்டே பதிவேட்டையும் 1861 முதல் 1863 வரை இம்முறையிலேயே அச்சிட்டார்கள்.

இன்று ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இத்தகைய படங்களை ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கத் தருகிறது. பொதுப்பணம் செலவாக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அளக்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். மறுபதிப்புகள் பல மூலத்தைவிடச் சிறியவை என்பதால், தலைப்பில் அச்சான விகிதம் அவற்றுக்குப் பொருந்தாது. படத்தோடு சேர்ந்து சுருங்கிய அளவுகோட்டையே நம்ப வேண்டும். அதுவும் வெட்டுப்பட்டிருந்தால், பரப்பு அச்சான வயல் ஒன்றைத் தேடுங்கள். நான்கு ஏக்கர் என்று குறித்த வயல் உங்கள் தாளில் ஒரு சதுர அங்குலமே இருந்தால், நீளங்கள் மூலத்தில் இருந்ததில் பாதியாகியிருக்கின்றன, அதாவது உங்கள் தாளின் அளவு ஏறக்குறைய 1:5000.