கலுங்கு வழிந்தால் கழிமுகம் பிழைக்கும்

மழைக்காலம் வந்தால் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு வரி வரும்: 'இத்தனை ஆயிரம் கனஅடி நீர் வீணாகக் கடலில் கலந்தது.' தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய இராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதைப் படித்தால் வயிறு எரியும். நியாயம்தான். ஆனாலும் அந்த 'வீணாக' என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

வைகையையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு. சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேர மாட்டேன் என்று அது ஒதுங்கிக்கொண்டதாகப் பழைய தனிப்பாடல் ஒன்று சொல்லும். மண்ணில் தெரியும் காரணம் வேறு. வழிநெடுக அதற்குக் கண்மாய்கள். 1959-இல் வைகை அணையும் வந்தது. பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. அதுவும் நிரம்பி, மிகை நீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் விரிகுடாவைத் தொடும். ரோமானியக் காசுகளும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்த அழகன்குளம், அந்த முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்தான். வைகை கடலைத் தொட்ட இடத்தில் ஒரு காலத்தில் துறைமுகமே இருந்திருக்கிறது.

சரி, தொட்டால் என்ன நடக்கிறது? ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கும். அதனால் அது கனம். ஆற்றுநீர் லேசு. இரண்டும் சந்தித்த உடனே கலந்துவிடுவதில்லை. நல்ல தண்ணீர் மேலே வழுக்கிக்கொண்டு கடல் நோக்கிப் போக, அடியில் உப்புநீர் ஆப்பு அடித்ததுபோல் உள்ளே ஏறும். ஆறு சுமந்து வரும் நுண்ணிய களிமண் துகள்கள் நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கும். உப்பு பட்டதும் அந்த விலக்கம் தளர்ந்து, திரண்டு, அடியில் இறங்கும். ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தின் கருஞ்சேறு இப்படிச் சேர்வதுதான். அதில் ஊட்டம் அதிகம். கடலில் பொரித்த இறால் குஞ்சு இந்தச் சேற்றைத் தேடிக் கழிக்குள், அதாவது முகத்துவாரத்துக்கு உள்ளே தேங்கும் உப்புநீர்ப் பரப்புக்குள் வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. மடவையும் பால்மீனும் இளவயதில் இங்கே வந்து போகிறவைதான். கடலில் வலை போடுகிறவருக்குக் கிடைக்கும் இறாலில் ஒரு பங்கு கழியில் வளர்ந்தது.

ஆறு வராவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஆழமில்லாத கழியிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு மட்டும் தங்கும். கழிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இருக்கும் கடலைவிட உப்பாகிவிடும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் நடப்பதேதான் கழியிலும் மெதுவாக நடக்கிறது. கழியோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் இந்த உப்பையும் தாங்கும், ஆனால் குட்டையாக நின்றுவிடும். குஞ்சு மீன்கள் அவ்வளவு தாங்குவதில்லை.

அடுத்தது கழியின் வாய், அதாவது முகத்துவாரம். அலையும் காற்றும் கரையோரமாக மணலை இழுத்துக்கொண்டே இருக்கின்றன, முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கின்றன. தினமும் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதம் அந்த மணலைக் கழுவித் தள்ளப் பார்க்கிறது. நம் பக்கத்து ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாத சோனி ஓதம். அதன் பலமெல்லாம் கழியின் பரப்பில்தான் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் கழியில் அரை மீட்டர் தண்ணீர் ஏறி இறங்கினால், ஒவ்வொரு முறையும் 50 கோடி லிட்டர் அந்தக் குறுகிய வாய் வழியே போய்வருகிறது. அதே கழியில் பாதியைக் குப்பையும் சவுடும் கொட்டி மேடாக்கி, பேருந்து நிலையமோ மனைப்பிரிவோ போட்டால்? போய்வரும் தண்ணீர் 25 கோடி லிட்டராகச் சுருங்கும். வாயின் அகலத்தை யாரும் தொடவே இல்லை, ஆனால் மணல் ஜெயித்துவிடும். பல கடலோர ஊர்களில் 'முகத்துவாரம் தூர்ந்துவிட்டது' என்று புலம்பும் இடத்திலிருந்து சற்று உள்ளே நடந்து பார்த்தால், தூர்த்தது யார் என்று தெரியும்.

வாய் மூடினால் ஊர்ச் சாக்கடை உள்ளே தங்கும். நுண்ணுயிரிகள் கழிவைத் தின்னும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். வெயில் ஊரில் கையிருப்பே குறைவு. அது தீர்ந்ததும், மூச்சுக்கு ஆக்சிஜன் தேவைப்படாத வேறு நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தத் தொடங்கும். வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம். நல்ல தண்ணீரில் சல்பேட் குறைவு. அதனால் அதே சாக்கடை குளத்தில் கலப்பதைவிட உப்புக் கழியில் கலக்கும்போது மூக்கைப் பிடிக்க வைக்கிறது. சேறு கரியாகக் கறுப்பதும் இதே வேலைதான். அந்த வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கிறது.

தொண்டிப் பக்கம் காரங்காட்டில், கோட்டைக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில், படகில் போனால் நல்ல நிலையில் உள்ள கழி எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஓதம் இறங்கும் வற்றத்தின்போது போங்கள். அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் சேற்றுக்கு மேலே நிற்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றை வெளியே நீட்டிச் சுவாசிக்கிறது. வாய் அடைபட்டுத் தண்ணீர் வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் மரம் மூச்சுமுட்டும். 2019-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டர் பகுதிக்கும் பாதுகாப்பு உண்டு. மரத்தை வெட்டவிடாமல் தடுக்க இது உதவும். தண்ணீர் வராததை எந்த 50 மீட்டரும் தடுக்காது.

அங்கேதான் நிர்வாகம் இடறுகிறது. கண்மாய்த் தண்ணீரை ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம் பார்த்துப் பங்கிடுகிறோம். கழிமுகத்துக்கு ஆயக்கட்டு கிடையாது. நெல்லுக்குப் போவதைப் பறித்துக் கடலுக்கு விடச் சொல்லவில்லை. இந்தச் சீமையில் அப்படிச் சொன்னால் அடிதான் விழும். வழிகிற காலத்தில் வழிகிற தண்ணீர் போகும் ஓடையையாவது கருவேலம் அடைக்காமல், வீடு முளைக்காமல் வைத்திருந்தால் போதும்.

முகத்துவாரத்தை வெட்டுவதிலும் நாள் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும். கழிக்குள் மழைநீர் உயர்ந்து நிற்கும்போது, வற்றம் தொடங்கும் நேரத்தில் ஒரு சிறு வாய்க்கால் எடுத்துவிட்டால், உள்ளிருந்து பாயும் தண்ணீர் மீதி மணலைத் தானே அரித்துக்கொண்டு போகும். கோடையில் கழி காய்ந்து கிடக்கும்போது பொக்லைன் வைத்து எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், தள்ளிக்கொண்டு போக உள்ளே தண்ணீர் இல்லை. அடுத்த வாடைக் காற்றுக்குள் மணல் மூடிவிடும், அடுத்த வருஷமும் அதே இடத்தில் அதே பொக்லைன் வந்து நிற்கும்.