மன்னித்தால் மறந்துவிடுமா?

பழைய மனக்காயங்கள் ஆறச் செபிக்கும் குணமளிக்கும் தியானம் முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாளே என்னிடம் அழுதுகொண்டு வருகிறார்கள். "இன்னும் ஞாபகம் வருது சிஸ்டர். எனக்கு விசுவாசம் பத்தலையா?" இந்த மாதமும் அதே கேள்விதான். போதகர்களே, "மன்னித்திருந்தால் மறந்திருப்பாய்" என்று தயவுசெய்து இனிச் சொல்லாதீர்கள்.

விவிலியத்தில், சகோதரர்கள் அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பு, தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தார். கடவுள் என் துன்பத்தை மறக்கச் செய்தார் என்று பொருள். அதே யோசேப்புதான் பிறகு சகோதரர்களைக் கண்டு உள்ளறைக்குள் ஓடி அழுதார். தொடக்கநூல் 45இல் எகிப்தியருக்கெல்லாம் கேட்கும்படி கதறினார். நினைவு எங்கே போயிற்று? உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் தழும்பு இருந்ததே!

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மும்முறை மறுதலித்த இரவில் முற்றத்தில் எரிந்தது கரித் தீ. உயிர்த்தபின் திபேரியக் கடற்கரையில் இயேசு மூட்டி வைத்திருந்ததும் கரித் தீ. புதிய ஏற்பாட்டில் கரித் தீ மூட்டுவது இந்த இரண்டு இடங்களில்தான். மூன்று மறுதலிப்புக்கு மூன்று முறை கேள்வி: "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" ஆனால் முதலில் மீனும் அப்பமும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். கேள்வி அதற்குப் பிறகே. காயத்தைத் தொடுமுன் ஆளுக்குத் தெம்பு வேண்டும்.

ஆகவே பட்டினி உபவாசத்தோடு, நள்ளிரவு ஆராதனையில் காயப்பட்ட நினைவுகளைத் தொடும் இந்தச் செபத்தைச் செய்யாதீர்கள். பகலில், சாப்பிட்டபின், 20 நிமிடம் போதும். பாதங்களைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். திருப்பாடல் 13ஐ வாய்விட்டு வாசியுங்கள்; "எத்தனை நாள், ஆண்டவரே?" என்று முறையிடுவதும் செபம்தான். பெரிய காயத்தை விட்டுவிட்டு, சின்ன வருத்தம் ஒன்றை எடுங்கள். அந்த இடத்தில் இயேசு நிற்பதாக எண்ணிப் பாருங்கள். வரவில்லையென்றால் வலிந்து வரவழைக்க வேண்டாம். மூச்சு முட்டினால், கை வியர்த்தால் உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் 5 பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்.

பாலியல் கொடுமை, வன்முறை பற்றிய நினைவை மட்டும் தனியாகத் தொடாதீர்கள். பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) கூடவே இருக்கட்டும். செபிக்கிறவர், "சின்ன வயதில் அப்பா ஏதோ செய்திருக்கிறார், யோசித்துப் பார்" என்று தூண்டினால் எழுந்து வந்துவிடுங்கள். நடக்காததையும் நடந்ததாக மனம் நம்பிவிடும், குடும்பமே சிதைந்துபோகும்.

மன்னிப்பதென்றால் அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போவதல்ல. அந்தக் கொடுமை இன்னும் குழந்தைக்கு நடக்கிறதென்றால் செபக்கூட்டம் காத்திருக்கட்டும், முதலில் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்றால் 14416ஐ அழையுங்கள்; அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.