குளிரில் நடுங்காத பச்சைக்குழந்தை

"பிறந்த குழந்தை குளிரில் நடுங்கிப் பார்த்ததே இல்லையே, அதற்குக் குளிராதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நன்றாகவே குளிரும். கருப்பையின் 37 டிகிரி கதகதப்பிலிருந்து ஈர உடம்போடு வெளியே வருகிறது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம். சூடு சீக்கிரம் போய்விடும். தசைகளை நடுங்கவைத்துச் சூடேற்றிக்கொள்ளும் திறமை இன்னும் வரவில்லை. பதிலுக்குத் தோள்பட்டை எலும்புகளின் நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் சூடு உண்டாக்குவதற்கென்றே அமைந்த பழுப்புக் கொழுப்போடு பிறக்கிறது.

இந்தக் கொழுப்பு வேலை செய்யும் விதம் எனக்கு அலுப்பதே இல்லை. மற்ற செல்களில் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா உணவை எரித்து, நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான் துகள்களைத் தன் உள்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பும்போது, அணைநீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல ஒரு நொதியைச் சுழற்றி, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறை உண்டாக்குகின்றன. பழுப்புக் கொழுப்பிலோ யுசிபி1 என்ற புரதம் அதே சவ்வில் வேறொரு மதகைத் திறக்கிறது. டர்பைனைத் தொடாமலே புரோட்டான்கள் உள்ளே பாய்கின்றன. ஏடிபி ஆகவேண்டிய ஆற்றல் அப்படியே வெப்பமாகிறது. சரி, மதகைத் திறப்பது யார்? தோலில் குளிர் பட்டதும் நரம்பு நுனிகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, சேமித்த கொழுப்பு கொழுப்பு அமிலங்களாக உடைகிறது. எரிபொருள் அவைதான், யுசிபி1ஐ முடுக்கிவிடுவதும் அவையேதான்! எரிக்க ஏதாவது இருந்தால்தான் மதகே திறக்கும்.

கையிருப்பு அளவானது. அப்புறம் தாய்ப்பால்தான். அதன் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. கர்ப்பத்தில் தாய் சேர்த்த கொழுப்பும் இப்போது கரைந்து பாலில் சேர்கிறது.

பிறந்த கையோடு குளிப்பாட்டுவது, சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது: இவை மூன்றையும் நாம் கைவிட்டே ஆகவேண்டும். குளிர்ந்துபோன குழந்தை சூட்டுக்காக ஆக்சிஜனையும் சர்க்கரையையும் அதிகமாகச் செலவழிக்கிறது. ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், குளியல் 24 மணி நேரத்துக்குப் பிறகு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குறைமாதக் குழந்தைகளிடம் பழுப்புக் கொழுப்பு மிகக் குறைவு. இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978இல் மருத்துவர் எட்கர் ரே அப்படிப்பட்ட குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். இன்று உலகமே பின்பற்றும் கங்காரு பராமரிப்பு அதுதான். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். தாய் சாய்ந்துகொள்ள வசதியான கட்டிலும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு செவிலியரும் வேண்டும். பச்சைக்குழந்தைகளுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்கே போகவேண்டும் என்பேன்.