கார் மோதும் முன் உடல் தானாகச் செய்வது

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு கான்கிரீட் சுவரில் நேராக மோதினால், எல்லாம் 100 முதல் 150 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். கண்ணில் பட்டதைப் புரிந்துகொண்டு கையை நகர்த்தவே நமக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். மோதல் தொடங்கிய பிறகு யோசித்துச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஓரிரு விநாடியில் உடல் சும்மா இருக்காது. கை முன்னே நீளும், கால் தரையை உதைத்து விறைக்கும், பக்கத்தில் இருப்பவரைத் தடுக்க ஒரு கை குறுக்கே போகும்.

தடுக்கி விழும்போது நம்மைக் காக்கும் அனிச்சைச் செயல்கள்தான் இவை. காரில் விசையின் அளவே வேறு. முன்பகுதி நொறுங்குவதையும் பெல்ட் சற்று நீள்வதையும் சேர்த்து உடல் 60 செ.மீ. தூரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையும் வீதம் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு. 70 கிலோ உள்ளவரை நிறுத்த 1,100 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். டாஷ்போர்டில் ஊன்றிய கைகளால் இது ஆகாது. மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 160 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாய் எவ்வளவு இறுக்கி அணைத்தாலும் கை விட்டுப்போகும். குழந்தைக்கென்று தனி இருக்கை கட்டாயம் வேண்டும்.

விறைத்த மூட்டு விசையை உள்வாங்காது, அடுத்த எலும்புக்குக் கடத்திவிடும். முழங்கையை மடக்காமல் ஊன்றினால் மணிக்கட்டும் தோளும் அடிவாங்கும். பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும் ஓட்டுநரின் காலைப் பாருங்கள். கெண்டைக்கால் தசை குதிகாலை மேலே இழுக்கிறது. பெடல் பாதத்தைத் தள்ளுகிறது. கீழ்க்கால் எலும்பு மோதலுக்கு முன்பே இரு முனையிலும் அழுந்தி நிற்கிறது. தரைத்தகடு உள்ளே நெளிந்தால் அந்த அழுத்தத்தின் மேல் புதிய அடி விழும். கணுக்கால் மூட்டு சிதைவது இப்படித்தான். அதற்காகப் பிரேக்கை விட்டுவிடக் கூடாது: மோதும் வேகத்தைக் குறைப்பதால் வரும் நன்மை இதைவிட மிகப் பெரியது. பயணிக்கு மிதிக்கப் பெடல் இல்லை. பாதம் தரையில் படிந்து, முழங்கால் மடங்கி இருந்தால் போதும். டாஷ்போர்டின் மேல் கால் நீட்டுபவரின் நிலைதான் படுமோசம். விரியும் ஏர்பேக் தொடையைப் பின்னுக்குத் தள்ளி இடுப்பு மூட்டையே கழற்றிவிடும்.

கழுத்து விஷயத்தில் மட்டும் இறுக்கம் உதவும். பின்னாலிருந்து இடிபடும்போது, எதிர்பார்த்துத் தசையை இறுக்கியவரின் தலை குறைவாகவே ஆடும். ஆனால் 'யார் வருகிறார்கள்' என்று திரும்பிப் பார்ப்பதும் அனிச்சைதான், அது ஆபத்து. திரும்பிய கழுத்தில் ஒரு பக்கத் தசைநார்கள் ஏற்கெனவே நீண்டிருக்கும். கண்ணாடியில் ஆபத்து தெரிந்தால் நேரே பார்த்து, பின்மண்டையை ஹெட்ரெஸ்டில் ஒட்ட வையுங்கள். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், மோதலுக்கு முந்தைய கடும் பிரேக். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்கு அது முன்பே தெரியும். போனைப் பார்த்துக் குனிந்திருக்கும் பயணி அப்படியே முன்னால் சரிவார். ஏறத்தாழ 30 முதல் 50 மில்லி விநாடியில் விரியும் ஏர்பேக், முழுதாக விரியும் முன்பே அவர் முகத்தைச் சந்திக்கும். நெஞ்சுக்கும் ஏர்பேக் மூடிக்கும் இடையே 25 செ.மீ. இருக்கட்டும் என்பது இதனால்தான். பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பிடிக்கும் பிரீடென்ஷனர் தளர்வை நீக்கும். ஆனால் வெகுவாகக் குனிந்தவரை முழுவதுமாகத் திரும்ப இழுத்துவிடாது.

கார் மோதல் சோதனையில் ஆளுக்குப் பதிலாக உட்கார வைக்கும் வழக்கமான பொம்மைகளுக்கு இறுகும் தசை கிடையாது. அதனால் இவற்றையெல்லாம் அவை காட்டுவதில்லை. டொயோட்டாவின் 'தம்ஸ்' என்ற கணினி மனித மாதிரியில் 2015-இல் தசைகள் சேர்க்கப்பட்ட பிறகு, தளர்ந்த உடலையும் விறைத்த உடலையும் ஒரே மோதலில் ஒப்பிட முடிகிறது. மெர்சிடிஸ் 2016-இல் ஓர் அனிச்சைச் செயலையே பாதுகாப்பாக்கியது. மோதல் உறுதி என்று சென்சார்கள் கணித்ததும் ஸ்பீக்கர்கள் ஒரு குறுகிய இரைச்சலை எழுப்பும். அதைக் கேட்டு நடுச்செவியின் சிறு தசை தானாகச் சுருங்கும். அடுத்து வரும் ஏர்பேக் வெடிச்சத்தம் உட்செவிக்குக் குறைந்தே போய்ச் சேரும்.