பத்தேகால் கன அடி இருபது ஆன கதை

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒருவர் கையில் ஒரு தாளோடு பட்டறைக்கு வந்தார். தோட்டத்தில் மண்வெட்டி, உரமூட்டை, தண்ணீர்க் குழாய் போட்டுவைக்க ஒரு மரக் கொட்டகை வேண்டுமாம். நீளம் 8 அடி, அகலம் 6 அடி, முன்பக்கம் 7 அடி உயரம், பின்பக்கம் 6. "சுவருக்கு முக்கால் இஞ்ச் பலகை, பத்தேகால் கன அடி. விலை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றார்.

கணக்கில் ஒரு பிசகும் இல்லை. முன்சுவர் 56 சதுர அடி, பின்சுவர் 48, பக்கச் சுவர்கள் சராசரி ஆறரை அடி உயரத்தில் ஆளுக்கு 39. மொத்தம் 182. கதவுக்கு மூணுக்கு ஆறு, 18 கழித்து 164. முக்காலால் பெருக்கி 12ஆல் வகுத்தால் பத்தேகால்தான்.

கதவை எதில் செய்யப் போகிறோம்? அதே பலகையில்தான். முதலில் அந்த 18ஐத் திரும்பச் சேர்த்தேன்.

அடுத்தது கனம். இழைப்புளி ஒரு பக்கத்துக்கு ஒரு நூல் தின்னும். அங்குலத்துக்கு 8 நூல்; இரண்டு பக்கமும் இழைத்தால் மிச்சம் 6, அதாவது முக்கால். அந்த முக்கால் வேண்டுமென்றால் ஒரு அங்குலப் பலகை வாங்கியாக வேண்டும். மரவாடியில் பில் போடுவது இழைப்பதற்கு முந்தைய அளவுக்கு. தரையில் சுருண்டு கிடக்கும் சீவலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

பலரும் ஏமாறுவது அகலத்தில். ஆறு அங்குலப் பலகையின் ஓரம் இழைத்தால் 2 நூல் போகும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்பலகை கீழ்ப்பலகை மீது முக்கால் அங்குலம் ஏறி உட்கார வேண்டும். மரம் காயக் காயச் சுருங்கும். அப்போது இடுக்கு தெரியாமல் காப்பதும் இந்த ஏற்றம்தான். ஆக, ஆறு அங்குலத்துக்குக் காசு கொடுத்தால் சுவரை மூடுவது ஐந்துதான். 182 சதுர அடியை மூட 218 சதுர அடிப் பலகை வேண்டும். ஒரு அங்குலக் கனத்தில் 18 கன அடிக்குச் சற்று மேல். முடிச்சு, வெடிப்பு, சரிவுக்குக் கோணலாக வெட்டும் துண்டு என்று பத்து சதவீதம் சேர்த்தால் 20.

நீளத்தையும் பார்த்துக் கேளுங்கள். எட்டடிச் சுவருக்குப் பத்தடிப் பலகை வாங்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டடி வீண். ஆறடிச் சுவருக்கு 12 அடிப் பலகை கிடைத்தால் சரிபாதி, துண்டே விழாது.

கூரைச் சட்டத்துக்கு "இரண்டடிக்கு ஒன்று, எட்டடிக்கு நாலு" என்று எழுதியிருந்தார். நாலு என்பது இடைவெளி, சட்டம் ஐந்து. நீளம் 6 அடி என்று போட்டிருந்தார். முன்னும் பின்னும் அரையடி தாழ்வாரம் விட்டு, சரிவையும் சேர்த்து அளந்தால் 7 அடி 1 அங்குலத்தைத் தாண்டுகிறது. ஏழடிச் சட்டம் வாங்கி வந்து ஒரு அங்குலம் போதாமல் நிற்பதைப் போல எரிச்சல் வேறில்லை. எட்டடியே வாங்கச் சொன்னேன்.

இருபது என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "உள்பக்கம் இழைக்க வேண்டாம், மண்வெட்டிக்கு எதுக்கு வழவழப்பு?" என்றேன். மில்லில் 7 நூல் கனத்துக்கு அறுக்கச் சொன்னால் வெளிப்பக்கம் மட்டும் இழைத்து அதே முக்கால் கிடைக்கும். பதினேழரை கன அடியில் முடிந்தது.