ஃபாக் லைட்டுக்கு 100 மீட்டர் கணக்கு: பிரிட்டன் சாலை விதி சொல்வது

பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர்கள் ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) விஷயத்தில் மனதில் வைக்க வேண்டிய அளவு 100 மீட்டர். பார்வைத் தூரம் கடுமையாகக் குறைந்திருக்கும்போது மட்டுமே ஃபாக் லைட் எரியலாம் என்கின்றன 1989ஆம் ஆண்டின் வாகன விளக்கு ஒழுங்குவிதிகள். 'கடுமையாக' என்றால் எவ்வளவு? பிரிட்டன் அரசின் சாலை விதிக் கையேடான ஹைவே கோடின் 226ஆம் விதியில் விடை இருக்கிறது: பொதுவாக, 100 மீட்டருக்கு அப்பால் பார்க்க முடியாத நிலை. அப்போது ஹெட்லைட் கட்டாயம். ஃபாக் லைட் உங்கள் விருப்பம். பார்வை தெளிந்ததும் ஃபாக் லைட்டை அணைப்பது மறுபடியும் கட்டாயம். பலரும் மறந்துவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

ஓடும் காரில் 100 மீட்டரை எப்படி அளப்பது? மோட்டர்வேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) வழி இருக்கிறது. ஓரத்தில் எண் எழுதிய சின்னக் கம்பங்கள் 100 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும். ஒன்றைக் கடக்கும்போது அடுத்தது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஃபாக் லைட்டுக்கு வேலை இல்லை. மற்றச் சாலைகளில் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளத்தைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும் கார் முழுதாக நிற்க ஹைவே கோட் தரும் தூரம் 96 மீட்டர். அடுத்த கம்பம் தெரியாத மூடுபனியில் 70இல் போகிறவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தை நம்பி ஓட்டுகிறார். 50 மைலில் அந்தத் தூரம் 53 மீட்டர், 30 மைலில் 23 மீட்டர். ஈரச் சாலையில் இவை இரு மடங்காகலாம். எந்த ஃபாக் லைட்டும் இந்தத் தூரத்தைக் குறைக்காது. வேகத்தைக் குறைத்தால்தான் குறையும்.

பின் ஃபாக் லைட்டை ஏன் இவ்வளவு கண்டிப்பாக அணைக்கச் சொல்கிறார்கள் என்பது பல்பைக் கையில் எடுத்தால் விளங்கும். சாதாரண டெயில் லைட் பல்ப் 5 வாட். பிரேக் லைட் 21 வாட். பின் ஃபாக் லைட்டும் அதே 21 வாட். நீங்கள் பிரேக் மிதித்ததைப் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது அந்த 5க்கும் 21க்கும் உள்ள வேறுபாடுதான். பக்கத்திலேயே இன்னொரு 21 வாட் சிவப்பு இடைவிடாமல் எரிந்தால் பிரேக் லைட் அதில் கரைந்துபோகும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 100 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்று விதியே இருந்தும் இதுதான் நிலை. இரவு மழையில் ஈரக் கண்ணாடி வழியாக அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது கொடுமை. மழை, பனிப்பொழிவு, சாலையிலிருந்து தெறிக்கும் நீர்த்தூறல் எல்லாவற்றுக்கும் அதே 100 மீட்டர் கணக்குதான். சும்மா தூறினால் போடக் கூடாது. மூடுபனியிலும், பின்னால் வருகிற கார் உங்களைப் பார்த்து இடைவெளி விட்டு வரிசையில் வரத் தொடங்கிய பிறகு அணைத்துவிடுவது நல்லது.

முன் ஃபாக் லைட் பம்பரில் தாழ்வாக இருந்து, ஒளியை அகலமாகவும் தட்டையாகவும் சாலையோரக் கோட்டின் மேல் விரிக்கிறது. மூடுபனியில் ஹைபீம் (உயர்த்திய ஹெட்லைட்) போட்டால் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். எதிரே வெள்ளைச் சுவர்தான். டிப் லைட்டில் (தாழ்த்திய ஹெட்லைட்டில்) வையுங்கள். மஞ்சள் பல்ப் பனியைத் துளைக்கும் என்று வாங்கி மாட்டுவது வீண்செலவு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எந்த நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும்.

பகல் மூடுபனியில், உணரி ஒன்று ஹெட்லைட்டைத் தானாகவே போடும் 'ஆட்டோ' நிலையை நம்ப வேண்டாம். அந்த உணரி வெளிச்சத்தை அளக்கிறது, பனியை அல்ல. வெள்ளை வெளிச்சம் இருப்பதால் ஹெட்லைட் எரியாமல் போகலாம். பல கார்களில் பகல் விளக்கு முன்புறம் மட்டுமே எரிவதால் பின்புறம் இருட்டாகவே இருக்கும். கையால் டிப் லைட்டைப் போடுங்கள். பின் ஃபாக் லைட்டும் அதற்குப் பிறகுதான் எரியும். டாஷ்போர்டில் பச்சை நிறக் குறி முன் ஃபாக் லைட். மஞ்சள் குறி பின் ஃபாக் லைட். இரண்டிலும் ஒளிக்கோடுகளை ஒரு நெளிகோடு வெட்டும்.

1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் ஒரு பின் ஃபாக் லைட்டாவது இருந்தாக வேண்டும். அது நடுவிலோ ஓட்டுநர் பக்கமான வலப்புறத்திலோ இருக்க வேண்டும், காரின் தகுதியைப் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையிலும் பார்ப்பார்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள், பலவற்றில் இந்த விளக்கே இராது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த காரில் இடப்புறம் மட்டும் இருக்கலாம். தேவையில்லாமல் ஃபாக் லைட் எரியவிட்டால் காவலர் 50 பவுண்ட் அபராதம் விதிக்கலாம். உரிமத்தில் தண்டனைப் புள்ளி ஏறாது. நிறுத்திய காரிலும் எரியக் கூடாது.

உறவினர் வீட்டுக்கு ஜெர்மனி வரை காரில் போகிறவர்களுக்கு அங்கே வேறு கணக்கு. மூடுபனியால் பார்வை 50 மீட்டருக்குக் கீழே போனால்தான் பின் ஃபாக் லைட் போடலாம், அப்போது வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அங்கே சாலையோரக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்று. இங்கே பழகிய கண்ணோடு அதை 100 என்று எண்ணிவிடாதீர்கள்.